ஆளை மறுத்த லாட்ஜ், வாசகத்தை மறுத்த பேக்கரி

கடைக்காரர் மத நம்பிக்கை பெருசா, பாகுபாடு தடுப்புச் சட்டம் பெருசான்னு கேட்டா நிறைய பேர் முழிக்கிறாங்க. பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ரெண்டு கேஸ பாருங்க, ரெண்டுலயும் ஓனர் கிறிஸ்தவங்க, தீர்ப்பு மட்டும் நேரெதிர்.

என்ன கேட்டாங்க?
கார்ன்வால் லாட்ஜ்: 2008-ல சிவில் பார்ட்னர்ஷிப்ல (ஓரின ஜோடிக்கு கல்யாணம் மாதிரி சட்டப்படி பதிவு) இருந்த ரெண்டு ஆம்பளைங்க டபுள் ரூம் புக் பண்ணி வந்தாங்க, கல்யாணமான ஆண்-பெண் ஜோடிக்குத்தான் தருவோம்னுட்டாங்க.
பெல்ஃபாஸ்ட் ஆஷர்ஸ் பேக்கரி: 2014-ல ஓரினத் திருமணத்தை ஆதரிங்கன்னு எழுதின கேக், 36.50 பவுண்ட். காசு வாங்கிட்டு அப்புறம் முடியாதுன்னு ரீஃபண்ட் (முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்).

எதை மறுத்தாங்க?
லாட்ஜ்: ஆளையே.
பேக்கரி: வாசகத்தை. யாரு கேட்டிருந்தாலும் அதை எழுதியிருக்க மாட்டாங்க, அதே கஸ்டமருக்கு வேற கேக்னா குடுத்திருப்பாங்க, 2018-ல கோர்ட் பிடிச்ச பாயின்ட் இதான்.

செலவு?
லாட்ஜ்: 3,600 பவுண்ட் நஷ்டஈடு, 2013-ல கடைசி அப்பீலும் போச்சு.
பேக்கரி: கீழ்க்கோர்ட் போட்ட 500 பவுண்ட் ரத்து, ஆனா நாலு வருஷம் கோர்ட்டு கேஸுன்னு அலைச்சல்.

ரூம், சாப்பாடு, ரெடிமேட் சாமான் விக்கிறவங்கன்னா சட்டம் சொல்றதுதான் சரி, ஆள் பாத்து கதவ சாத்துறதுக்கு நம்பிக்கைய காரணமா சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன். பிரிண்டிங், டிசைன்னு அடுத்தவங்க கருத்த தன் கையால எழுதுறவங்களுக்கு ஆஷர்ஸ் வழி பொருந்தும். எழுத்தே இல்லாத கல்யாண கேக்? அதான் இடியாப்பச் சிக்கல், ஓரின ஜோடிக்கு கல்யாண கேக் செய்ய மறுத்த கொலராடோ கேக் கடை கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே 2018-ல அந்தக் கேள்விய தொடாம, புகாரை விசாரிச்ச மாநில கமிஷன் கடைக்காரர் மதத்தை மரியாதையா நடத்தலன்னு மட்டும் சொல்லி அவர ஜெயிக்க வச்சுச்சு.