பொது அறையா, தனியறையா: தனியாகப் போகிறவரின் இரவுக் கணக்கு

தனியாக வெளிநாடு செல்பவருக்கு விமானச் சீட்டு எடுத்த கையோடு எழும் கேள்வி, ஹாஸ்டலில் பலரோடு ஒரே அறையில் கட்டில் ஒன்றைப் பதிவு செய்வதா, சிறிய ஓட்டலில் தனியறை எடுப்பதா என்பதுதான். சென்ற பயணத்தின் பதினாறு இரவுகளை இரண்டுக்குமாகப் பிரித்துக் கழித்த எனக்குப் பொது அறையின் பக்கமே மனம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பொது அறையில் ஒரு கட்டிலுக்குப் பணம் கொடுக்கிறோம். தனியறையில் பெரும்பாலும் இருவருக்கான இடத்துக்கு ஒருவரே கொடுக்கிறோம். பேச்சுத்துணை எங்கே எளிதாகக் கிடைக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. மூட்டைப்பூச்சிக்கோ இரண்டும் ஒன்றுதான். எங்கே தங்கினாலும் பையைக் கட்டிலில் வைக்கும் முன் மெத்தையின் தையலோரத்தில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது உறக்கம். 1909-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர், மாணவர்களுடன் நடைப்பயணம் சென்ற இடத்தில் கடும் மழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. ஊர் ஊராக நடக்கும் இளைஞர்களுக்கு மலிவான விடுதிகள் வேண்டும் என்று அங்கே தோன்றிய எண்ணம், 1912-இல் அல்டேனா கோட்டையில் நிரந்தர விடுதியாயிற்று. பகலெல்லாம் நடந்தவர்கள் சேர்ந்தே களைத்துச் சேர்ந்தே உறங்கிவிடுவார்கள். பொது அறை என்ற ஏற்பாடு அந்த ஒழுங்கை நம்பி உண்டானது. இன்று அதே அறையில் ஒருவருக்கு விடியற்காலை விமானம். இன்னொருவர் நள்ளிரவு கடந்து திரும்புகிறார். மூன்றாமவரின் உடம்போ இன்னும் சொந்த நாட்டுக் கடிகாரத்தில் இருக்கிறது.

எட்டுக் கட்டில் அறையில் என் இரண்டாம் இரவு, நான்கு மணிக்கு எதிர்க்கட்டில் பெண் பையைக் கட்டத் தொடங்கினார். பிறரை எழுப்பிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஜிப்பை ஒரேயடியாக இழுக்காமல் பல் பல்லாக நகர்த்தினார். பிறகு பாலிதீன் பைகளை ஒவ்வொன்றாக மடித்தார். ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய சத்தம் கால் மணி நேரம் நீடித்தது. கோபப்படவும் முடியவில்லை, அவ்வளவு பணிவாகச் செய்துகொண்டிருந்தார்.

ஆகவே பொது அறை என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. எந்தப் பொது அறை என்பதே கேள்வி. நான்கு அல்லது ஆறு கட்டில் அறைக்கும் பன்னிரண்டு கட்டில் அறைக்கும் உள்ள வேறுபாடு, பொது அறைக்கும் தனியறைக்கும் உள்ளதைவிடப் பெரிது என்றே சொல்வேன். கட்டிலுக்குக் கட்டில் திரை, தனி விளக்கு, தனி பிளக் பாயிண்ட் மூன்றும் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. கதவுக்கும் குளியலறைக்கும் தள்ளியிருக்கும் கீழ்க்கட்டில் கிடைக்குமா என்று முன்பே எழுதிக் கேட்கலாம். இரும்பு அடுக்குக் கட்டிலில் மேலே இருப்பவர் புரளும்போதெல்லாம் கீழே இருப்பவரும் விழிப்பார். சுவரோடு பதித்த மரக்கட்டில் அசையாது. காதில் செருகும் இயர்பிளக் சரசரப்பையும் பேச்சையும் பெருமளவு அடக்கும். குறட்டையின் கனத்த ஒலி மட்டும் அதையும் மீறி வரும்.

தனியறையில் இந்தக் கவலை குறைவு. துணி காயப்போடலாம், வீட்டாருடன் உரக்கப் பேசலாம், காய்ச்சல் வந்தால் யாரையும் தொந்தரவு செய்யாமல் படுத்திருக்கலாம். ஆனால் அந்தக் காய்ச்சலை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள் என்பதுதான் தனியாகச் சென்றவளாக என்னை யோசிக்க வைத்தது. மூன்று இரவு பொது அறை, நான்காம் இரவு தனியறை என்று மாற்றி மாற்றி எடுத்ததில், விட்டுப்போன உறக்கத்தை அந்த ஓரிரவில் ஈடுகட்ட முடிந்தது. மொத்தச் செலவும் கைமீறவில்லை.

பெரும்பாலும் பெண்களுக்கு மட்டுமான அறைகளில் தங்கியவள் நான். ஆண்களும் பெண்களும் சேர்ந்து தங்கும் அறையில் இருந்தது இரண்டே இரவுகள். தொல்லை எதுவும் நேரவில்லை என்றாலும் அதை வைத்து யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். பொருள்களைப் பொறுத்தவரை லாக்கர் இருக்கிறது என்பதோடு அதன் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கண்டவற்றில் பாதிக்கு மேல் கைப்பை மட்டுமே கொள்ளும். பூட்டு நம்முடையதாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே, ஒருவர் படுக்குமளவே உள்ள பெட்டிகளை வரிசையாக அடுக்கிய கேப்ஸ்யூல் ஓட்டலும் உண்டு. கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1979-இல் ஜப்பானின் ஒசாகாவில் திறக்கப்பட்டது அவ்வகையில் முதலாவது. அப்படிப்பட்ட பெட்டி ஒன்றில் நான் கழித்தது ஓர் இரவுதான். உள்ளே நிமிர்ந்து உட்கார முடிந்தது, வெளிச்சம் அறவே இல்லை, வாயிலில் பூட்டும் கதவுக்குப் பதில் இழுத்துவிடும் திரை. பக்கத்துப் பெட்டியின் குறட்டை அத்திரையைப் பொருட்படுத்தவே இல்லை.