தடைக்கால வாலிபால் முகாம்: கோச் தங்கமான மனுஷன், குரூப் பிரித்ததுதான் கோளாறு

மண்டபம் பக்கம் கடற்கரையை ஒட்டி நடந்த கோடைகால வாலிபால் முகாமில் போன மே மாதம் என் பையனைச் சேர்த்திருந்தேன். காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை, 25 நாளைக்கு 1500 ரூபாய். பெயர் போடவில்லை, அவர்கள் பிழைப்பில் மண் போடுவது என் நோக்கமில்லை.

பயிற்சியில் குறை சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்காரர்கள் எல்லாம் கரையில்தான், கிரவுண்டைச் சுற்றித் தினமும் திருவிழாக் கூட்டம். கச்சான் காற்றில் பந்து இழுத்துக்கொண்டு போகும்போது சர்வீஸ் எப்படிப் போடுவது என்று கோச் ஒவ்வொரு பையனுக்கும் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் குரூப்பை வகுப்பை வைத்துப் பிரித்துவிட்டார்கள், பிறந்த தேதியை யாரும் கேட்கவே இல்லை. என் பையன் ஜூன் மாதம் பிறந்தவன், 5 வயது முடிந்த கையோடு ஒன்றாம் வகுப்பில் போட்டோம், அதனால் வகுப்பில் கடைக்குட்டி. எதிரே நின்றவன் எல்கேஜியை இரண்டு தடவை படித்தவனாம், ஒன்றரை வயது மூத்தவன், மீசை அரும்பிவிட்டது, குரலும் உடைந்துவிட்டது. அவன் அடித்த பந்தை எடுத்து எடுத்து இவனுக்கு முன்கை இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. இரண்டாவது வாரத்திலிருந்து இவனுக்குப் பந்து பொறுக்குகிற வேலைதான் அதிகம், அதிலும் ஒருநாள் காயப்போட்ட கருவாட்டில் பந்து விழுந்து அந்த அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

கோச்சிடம் கேட்டேன். “வளந்தவன முன்னால நிறுத்துனாத்தானண்ணே ஜெயிக்க முடியும்” என்றார். நாளைக்கு மேட்ச் என்றால் சரிதான். பயிற்சி முகாமுக்கு அது என்ன கணக்கு? பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1ஐ வைத்துத்தான் தேதி பார்க்கிறார்கள், அந்தக் கணக்கில் ஒரே வருஷம் பிறந்தவர்களில் என் பையன் நடுவில் வருவான். அங்கேயும் அதே வருஷம் ஜனவரியில் பிறந்தவனுக்கு டிசம்பரில் பிறந்தவனைவிடப் பதினொரு மாத வளர்த்தி கூடத்தான், ஆனால் அது ஒன்றரை வருஷம் இல்லையே.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி லாக்ராஸில் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிகிற ஆட்டம்) இதைத் தெரிந்தே செய்கிறார்கள். காலேஜ் கோச் கண்ணில் படவேண்டும் என்று பையனை ஒரு வகுப்பைத் திரும்பப் படிக்க வைப்பது, அதற்கு ரீகிளாஸ் என்று பெயர் வேறு. இங்கே நம் ஆட்கள் தெரியாமலே செய்கிறார்கள், வயதில் மூத்தவனாக இருப்பதையே திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்து கால்பந்து அகாடமிகளில் சில ஆட்டங்களுக்கு வயதை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியைப் பார்த்தும் குரூப் பிரிக்கிறார்களாம். அவ்வளவு தூரம் வேண்டாம், சுவரில் ஒரு கோடு போட்டு உயரம் பார்த்துப் பிரித்தாலே போதும்.

ஐந்துக்கு மூன்று ஸ்டார். அடுத்த வருஷமும் கோச்சுக்காக அனுப்புவேன், ஆனால் முதல் நாளே பிறந்த தேதியைச் சொல்லி எந்தக் குரூப் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டுவேன். அப்புறம், தண்ணீர் வீட்டிலிருந்தே கொடுத்துவிடுங்கள், அங்கே வைத்திருக்கிற கேன் தண்ணீர் உப்புக் கரிக்கிறது.