தருமபுரி, கிருஷ்ணகிரி சுற்றுவோருக்கு: ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பெங்களூரு–சேலம் சாலையில் பேருந்துக்குப் பஞ்சமே இல்லை. இறங்கும் இடத்தில்தான் சிக்கல். மதுரை, திருச்சி, கோவை என்று போர்டு போட்ட தொலைதூர வண்டிகளில் பல ஊருக்குள் வராது; பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். பகல் என்றால் சமாளிக்கலாம். ராத்திரி பத்துக்கு மேல் ஆட்டோக்காரர் சொன்னதுதான் ரேட்டு. "கிருஷ்ணகிரி போகுமா?" என்று கேட்டால் கண்டக்டர் "போகும், ஏறுங்க" என்பார், அதில் பொய்யும் இல்லை. "பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா?" என்று கேட்டு ஏறுங்கள்.

மாவட்டத் தலைநகராகி இத்தனை வருடமாகியும் (2004) கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் கிடையாது. ஓசூரும் தருமபுரியும் சேலம்–பெங்களூரு பாதையில் இருக்கின்றன. கோவை–பெங்களூரு வந்தே பாரத் இரண்டிலும் நிற்கும். சென்னையிலிருந்து சேலம், கோவை பக்கம் போகும் ரயில்கள் மொரப்பூர் வழியாகப் போகும், தருமபுரி டவுனைத் தொடாது. மொரப்பூரில் நிற்கிற ரயிலா என்று பார்த்து டிக்கெட் போட்டால், அங்கிருந்து தருமபுரிக்குப் பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். அரூர், தீர்த்தமலை போகிறவர்களுக்கும் மொரப்பூர்தான் பக்கம்.

ஒகேனக்கல்லுக்குத் தருமபுரியிலிருந்து சுமார் 46 கி.மீ., பென்னாகரம் வழி. பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் இறங்கும் வளைவுச் சாலை. வாந்தி வரும் ஆட்கள் முன் சீட்டில் உட்காருங்கள். கிளம்பும் நாள் காலையில் பார்க்க வேண்டியது வானிலையை அல்ல, பிலிகுண்டுலு (தமிழக எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடம்) நீர்வரத்தை. இங்கே வெயில் கொளுத்தும்போதே கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறந்த தண்ணீர் வந்து சேரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இது அடிக்கடி நடக்கும். கன அடி ஏறினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். இன்னும் ஏறினால் ஐந்தருவியே மூழ்கிவிடும். அருவி பார்க்கப் போய் வெறும் செந்நிற வெள்ளத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். ஆடிப்பெருக்கன்று கூட்டமும் தண்ணீரும் ஒன்றாக வரும், அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

பரிசலுக்குக் கவுண்டரில் சீட்டு வாங்குங்கள். "இன்னும் உள்ள போகலாம்" என்று ஓட்டுபவர் நடு ஆற்றில் சொன்னால் கூடுதல் காசு என்று அர்த்தம். எதுவரை, எவ்வளவு நேரம் என்பதைக் கரையிலேயே பேசி முடியுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி பூட்டுகிறதா என்று மாட்டிப் பாருங்கள். மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தருவார்கள், ருசிக்குக் குறைவிருக்காது. ஆனால் மீன் விலை தனி, சமையல் கூலி தனி, எண்ணெய் மசாலா யார் கணக்கு என்பது தனி. மூன்றையும் முன்னாடியே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்தால் குரங்கு எடுத்துக்கொள்ளும், அதற்கு ரேட்டு கிடையாது. திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வந்து இறங்கியவுடனே நேரக் காப்பாளரிடம் கேட்டு வையுங்கள்.

சொந்த வண்டியில் வருபவர்கள் தொப்பூர் கணவாயைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வரும் லாரிகளுக்கு இன்ஜின் பிடிப்பு இருக்காது, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். நீங்கள் கியரிலேயே இறங்குங்கள், லாரிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். தேய்பிறை அஷ்டமியன்று தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் பக்கம் நெரிசல், கணக்கில் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் சானமாவு காடு, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் சாலை, இரண்டும் யானை நடமாடும் இடம். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் கூட்டமாகவே வரும். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் பாதை அழகுதான்; பைக்கில் போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும்.