68,000 டாலர் போச்சு: பழைய கமேரோ இசட்/28 வாங்கும் ஆசையில் இருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

வயிறு எரிகிறது, அதனால் கோர்வையாக வராது. 68,000 டாலர் கொடுத்து நான் வாங்கிய 1969 செவ்ரோலே கமேரோ இசட்/28 (கமேரோ காரின் ஸ்பெஷல் ரேஸ் ரகம்) உண்மையில் இசட்/28 இல்லை. சாதாரண வி8 கமேரோவுக்கு வேஷம் கட்டி என் தலையில் கட்டிவிட்டார்கள். டெட்ராய்ட் பக்கம் நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம், ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விற்றது வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு ஷோரூம், அடுத்தவர் வண்டியைக் கமிஷனுக்கு விற்றுத் தரும் வகை. கோர்ட்டுக்குப் போனாலும் போகும் என்பதால் பெயர் போடவில்லை.

அந்த சேல்ஸ்மேன் செய்த வேலையைச் சொல்லியே ஆகவேண்டும். வீடியோ காலில் முதலில் வேறு இரண்டு கமேரோவைக் காட்டி, "இதெல்லாம் குளோன், நீங்கள் தொடவே வேண்டாம், சந்தையில் பாதி இப்படித்தான், ஜாக்கிரதையாக இருங்கள்" என்று அவனே ஒதுக்கித் தள்ளினான். திருடனே வந்து பூட்டைச் சரிபார்த்துக் கொடுத்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அப்புறம்தான் இந்த வண்டிக்கு வந்தான். பானட்டைத் தூக்கி, உள்ளே ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு) அறைந்திருந்த ஆலைத் தகட்டின் மேல் டார்ச் அடித்து, "பாருங்கள், எக்ஸ்33" என்றான். ஒஹாயோவின் நார்வுட் ஆலை 1968 டிசம்பர் வாக்கில் இருந்து தகட்டில் இந்தக் குறிகளைப் போட ஆரம்பித்தது, எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28-க்கு உரியவை. அதோடு பிளாஸ்டிக் உறையில் போட்ட பழுப்பேறிய பில்ட் ஷீட் (ஆலையில் வண்டிக்குப் போட்ட பாகங்களின் பட்டியல்), வாரண்டி தகடு, தங்க முத்திரை ஒட்டிய மதிப்பீட்டுச் சான்றிதழ், எல்லாம் ஒரு ஃபைலில். அவர்களே சிபாரிசு செய்த ஆளை வைத்து இன்ஸ்பெக்ஷனும் ஆயிற்று. இன்ஜின் எண் வண்டி எண்ணோடு (நம்பர் பிளேட் இல்லை, ஆலை கொடுக்கும் வின் எண்) பொருந்துகிறது என்று அவரும் எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே 68,000 டாலரை வயர் செய்தேன்.

வண்டி வந்து இறங்கியதும் பார்க்க வந்தவர்களில் கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், பவுண்டரியில் பழம் தின்று கொட்டை போட்டவர். எல்லோரும் பெயின்ட்டைத் தடவிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு இன்ஜின் பிளாக்கின் பின்பக்க விளிம்பை எட்டி எட்டிப் பார்த்தார். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தார். எச் 12 9 என்று வார்ப்பிலேயே புடைத்திருந்தது.

"அண்ணா, எச்-னா எட்டாவது எழுத்து, எட்டாம் மாசம். கடைசி 9, 69-ஆம் வருஷம். இந்த பிளாக் ஆகஸ்ட் 12-ல் வார்த்ததுங்க. வண்டி எப்ப வெளிய வந்துச்சு?"

ஃபயர்வால் தகட்டில் 02சி. அதாவது அதே 69 பிப்ரவரி மூன்றாவது வாரம். ஆகஸ்டில் வார்த்த பிளாக் பிப்ரவரியில் எப்படி வண்டிக்குள் ஏறும்? முன்பக்கம் இருக்கும் எண் குத்தும் இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? வி என்ற எழுத்து, அது பிளின்ட் ஆலைக்கு. பக்கத்தில் 0211, அதாவது பிப்ரவரி 11. கடைசியில் டிஇசட், 1969 இசட்/28-இன் 302 கன அங்குல இன்ஜினுக்கான குறி. கூடவே என் வண்டி எண். எல்லாம் பொருந்தும், பொருந்தும்படி குத்தியதே இந்தப் போலியைச் செய்தவன்தானே! ஆலையில் அந்த முகத்தைச் சீவும்போது முன்னும் பின்னுமாக நேர்நேராக மெல்லிய கோடுகள் விழும். என்னுடையதில் சிராய்ப்பு வட்டவட்டமாக இருக்கிறது. கிரைண்டர் போட்டுப் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள், பின்னால் இருக்கும் தேதியை மறந்துவிட்டார்கள். இதே மாதிரி பிளாக் சாதாரண 350 இன்ஜினுக்கும் வந்ததுதான். எக்ஸ்33 தகடும் புதிதாக அடித்து வாங்கியதாகத்தான் இருக்கும் என்கிறார் நண்பர், ரிவெட் பளபளக்கிறது.

சரி, போன் போட்டேன். முதலில், "ஐம்பது வருஷ வண்டி, இன்ஜின் மாறியிருக்கலாம், சகஜம்." மாறியதைப் பற்றியா கேட்டேன், பொய் எண் குத்தியதைப் பற்றி அல்லவா கேட்டேன்! அடுத்த தடவை, "நாங்கள் இடைத்தரகர் மட்டும், ஓனரிடம் பேசுங்கள்." ஓனர் நம்பர் கேட்டால் தனியுரிமையாம். மேனேஜர் கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவில்லை. சான்றிதழ் கொடுத்த ஆளோ, அடியில் பொடி எழுத்தில் 'விற்பவர் தந்த தகவலின் அடிப்படையில்' என்று இருப்பதைப் படிக்கச் சொன்னார். கடைசியாக ஒரே வரி மெயில்: வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது. பில்லை எடுத்துப் பார்த்தேன். விளம்பரம் முழுக்க இசட்/28, இசட்/28 என்று கூவியவர்கள், பில்லில் '1969 செவ்ரோலே கமேரோ, இரண்டு கதவு' என்று மட்டும் அடித்திருக்கிறார்கள். 68,000 டாலருக்கு இரண்டு கதவு.

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். 69 கமேரோவின் வண்டி எண் வி8 என்று சொல்லும், இசட்/28 என்று சொல்லாது, அது வெறும் ஆப்ஷன். போன்டியாக் என்றால் பிஎச்எஸ் என்ற இடத்தில் ஆலைப் பதிவின் நகல் கிடைக்கும், 1967 முதல் வந்த ஃபோர்டுக்கு அதே மாதிரி மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. அமெரிக்காவில் விற்ற செவ்ரோலேவுக்கு அப்படி எதுவும் கிடையாது, கனடாவில் விற்ற வண்டி என்றால் மட்டும் ஜிஎம் கனடாவிடம் கேட்டு வாங்கலாம். பிளாக்கின் வார்ப்புத் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு உங்கள் ஆளை அனுப்புங்கள், அவர்கள் காட்டும் ஆள் வேண்டாம். பில்லில் 'அசல் இசட்/28' என்று எழுதாமல் ஒரு டாலர் அனுப்பாதீர்கள்.

மிச்சிகனில் இந்த மாதிரி கேஸ் எடுக்கும் வக்கீல் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், ப்ளீஸ். ஷோரூம் பெயரையும் அங்கேயே சொல்கிறேன்.