செருப்புப் பெட்டியில் இருந்த 23 கேசட்டுகளும் ஒரு யுஎஸ்பி பிளேயரும்

அலமாரியின் மேல்தட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு செருப்புப் பெட்டி கையில் சிக்கியது. உள்ளே 23 கேசட்டுகள். பதினைந்து, பதினாறு வயதில் நான் உயிராக வைத்திருந்த பாப் பாட்டுகள். பழைய டெக்கில் போட்டுப் பார்த்தேன், மோட்டார் சத்தம் மட்டும்தான் வந்தது. திறந்தால் ரப்பர் பெல்ட் பிசினாக உருகி ஒட்டிக் கிடந்தது. அதனால்தான் கணினியில் பதிந்துகொள்ளும் இந்தக் கையடக்க யுஎஸ்பி பிளேயரை வாங்கினேன். மூன்று வாரம் பயன்படுத்தியாயிற்று.

கணினியோடு இணைப்பதில் எந்தத் தொல்லையும் இல்லை. இணைக்கத் தனி மென்பொருள் எதுவும் கேட்கவில்லை, மைக் போலவே கணினி இதை எடுத்துக்கொண்டது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான். சி-90 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முழுசாக 45 நிமிடம். அப்படி உட்கார்ந்ததில்தான் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. ஒரு பாட்டு முடிந்து அந்த இரண்டு விநாடி அமைதி வரும்போதே அடுத்த பாட்டின் முதல் இசை மனசுக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. பாடியவரின் பெயர்கூட மறந்துபோச்சு, வரிசை மறக்கவில்லை. ரேடியோவிலிருந்து பதிந்த கேசட் ஒன்றில், அறிவிப்பாளர் பேசி முடிக்கட்டும் என்று நான் காத்திருந்ததால் ஒரு பாட்டின் முதல் வரியே இல்லை. இன்றும் அந்தப் பாட்டை நான் இரண்டாம் வரியிலிருந்துதான் பாடுகிறேன்.

சரி, கருவிக்கு வருவோம். முதல் கேசட்டிலேயே பாடகியின் குரல் கீச்சென்று இருந்தது. அட்டையில் 4 நிமிடம் என்று அச்சிட்டிருந்த பாட்டு 3 நிமிடம் 52 விநாடியில் முடிந்துவிட்டது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், இதில் மூன்று சதவீதத்துக்கும் மேலே வேகமாக ஓடுகிறது. புதுக் கருவியில் இது பெரிய குறை. மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை, அதற்குள் ஒரு திருகு இருந்தது. மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை அளவு திருப்பித்தான் சரிசெய்தேன்.

அடுத்தது மங்கலான ஒலி. சிம்பல் ஓசை போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. நாடா ஓடும் திசைக்கு, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட் சரியான செங்கோணத்தில் நிற்காவிட்டால் இப்படித்தான் ஆகும். ஹெட்டின் பக்கவாட்டில் உள்ள திருகை, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே திருப்பி, 'ஸ்' என்ற ஒலி தெளிவாகும் இடத்தில் நிறுத்தினேன். வேறு டெக்கில் பதிந்த கேசட்டைப் போட்டால் மறுபடி திருப்ப வேண்டியிருக்கிறது. நாடாவின் சீறலைக் குறைக்கும் டால்பி வசதியும் கிடையாது. டால்பி பி முறையில் பதிந்த கேசட்டுகள் இதில் சீறலோடு, காதைக் குத்துகிற மாதிரி ஒலிக்கின்றன.

ஐந்தாவது கேசட்டை இது விழுங்கிவிட்டது. நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரில் நாடா சுற்றிக்கொண்டது. இரண்டங்குல நீளம் கசங்கிப் போய்விட்டது, அந்த இடத்தில் பாட்டு இப்போது ஒரு கணம் தடுமாறுகிறது. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. பல வருஷம் சுற்றியபடியே கிடந்த நாடா இறுகிப்போயிருக்கும். அதன் பிறகு எந்தக் கேசட்டையும் முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்ப ரிவைண்ட் செய்துவிட்டுத்தான் போடுகிறேன். இரண்டு கேசட்டுகளில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தது. திருகு போட்ட உறை என்பதால் திறந்து, நாடாச் சுருளை வேறொரு காலிக் கேசட்டுக்கு மாற்ற முடிந்தது. ஒட்டி மூடிய உறை என்றால் இது சுலபமில்லை.

ரேடியோவில் பதிந்தவை, நண்பர்களிடம் வாங்கிப் படியெடுத்தவை என்று 14 கேசட்டுகள் இப்போது கணினியில் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தப் பிளேயர் போதும். மீதி ஒன்பதும் நான் சேமித்து வாங்கிய குரோம் என்ற உயர்தர நாடா வகைக் கேசட்டுகள், பெரும்பாலானவை டால்பி. அவற்றை இதில் போட மாட்டேன். பழைய டெக்குக்குப் புது பெல்ட் சொல்லியிருக்கிறேன். பிசினை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைத்தாயிற்று.