கையால் சுற்றும் கிரீம் செப்பரேட்டர்: நாலு மாட்டுக்கு மேல் இருந்தால் தயங்க வேண்டாம்

1900-களின் தொடக்கத்தில் ஐரோப்பா, அமெரிக்காவின் சிறு பண்ணைகளில் பாலிலிருந்து கிரீமைப் பிரிக்க நாலு வழிகள் இருந்தன. அகலத் தட்டில் பாலை ஊற்றி, ஒரு நாளோ ஒன்றரை நாளோ கழித்து ஆடையை வழிப்பது பழைய முறை. உயரமான தகரப் பாத்திரத்தில் ஊற்றிக் குளிர்ந்த நீரில் இறக்கி வைப்பது அதைவிட மேல். பாலில் தண்ணீர் கலந்து நிற்க வைப்பது மூன்றாவது. கைப்பிடியைச் சுற்றினால் வேகமாகச் சுழலும் கிண்ணத்தில் பாலைப் பிரிக்கும் செப்பரேட்டர் நாலாவது. இந்த மதிப்புரை அதைப் பற்றியது. இதே அமைப்பில் கை இயந்திரங்கள் இன்றும் விற்பனைக்கு வருவதால், பழையதை வாங்குபவருக்கும் புதியதை வாங்குபவருக்கும் இதில் உள்ளது பொருந்தும்.

கிரீம் எடுத்த பிறகு பாலில் தங்கிவிடும் கொழுப்பை வைத்துத்தான் எந்த முறையையும் எடை போட வேண்டும். தட்டு முறையில் அது 0.5 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். குளிர்நீர்ப் பாத்திரத்தில் நன்றாகச் செய்தால் 0.2 முதல் 0.3. ஒழுங்காக ஓடும் செப்பரேட்டரில் 0.05-க்குள் அடங்கும். நாளுக்கு 40 லிட்டர் பால் கறக்கும் வீட்டில் கிரீம் போக 35 லிட்டர் மிஞ்சும். அதில் 0.3-க்கும் 0.05-க்கும் உள்ள வித்தியாசம் நாளுக்குச் சுமார் 87 கிராம் கொழுப்பு. வெண்ணெயாக்கினால் 100 கிராமுக்கு மேல். 300 நாள் கறவைக்குக் கணக்குப் போட்டால் 30 கிலோவைத் தாண்டும். ஒன்றிரண்டு மாடு உள்ளவருக்கு இந்த லாபம் இயந்திரத்தின் விலைக்கும் தினசரி கழுவும் வேலைக்கும் ஈடாகாது. நாலு மாட்டுக்கு மேல் போனால் ஈடாகும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் கலக்கும் தகரப் பாத்திரத்துக்கும் ‘செப்பரேட்டர்’ என்றே பெயர் சூட்டி விற்றார்கள். அதற்குள் சுழலும் பாகம் ஒன்றும் கிடையாது. கொழுப்பும் முழுதாக மேலே வராது, மிஞ்சும் பாலும் நீர்த்துப்போய்க் கன்றுக்கு உதவாது. சுற்ற ஒரு கைப்பிடி இல்லாத எதையும் செப்பரேட்டர் என்று நம்பி வாங்கக் கூடாது.

ஸ்வீடனின் குஸ்டாஃப் டி லாவால் 1878-ல் தொடர்ந்து ஓடும் செப்பரேட்டரைக் கொண்டுவந்தார். ஜெர்மனியின் ஃபான் பெக்டோல்ஷைம் கண்டுபிடித்த கூம்புத் தட்டுகள் 1890 வாக்கில் அதில் சேர்ந்த பிறகே கையால் சுற்றும் அளவுக்குச் சிறிய இயந்திரத்திலும் பால் சுத்தமாகப் பிரிந்தது. தட்டுகள் பாலை மெல்லிய ஏடுகளாகப் பகுப்பதால் கொழுப்புத் துளி நகர வேண்டிய தூரம் குறைகிறது. பெல்ஜியத்தின் மெலோட் இயந்திரத்தில் கிண்ணம் மேலிருந்து தொங்குகிறது. தன் சமநிலையைத் தானே தேடிக்கொள்ளும். அமெரிக்காவின் ஷார்ப்பிள்ஸ் டியூபுலரில் தட்டுகளே இல்லை, நீளமான குழாய்தான். கழுவ அது சுலபம். ஆனாலும் தட்டுள்ள கிண்ணத்தையே பரிந்துரைக்கிறோம்: பால் கொஞ்சம் ஆறியிருந்தாலும், சுற்றும் கை கொஞ்சம் தளர்ந்தாலும் அது அதிகம் பொறுத்துக்கொள்ளும்.

ஓட்டும் முறையில்தான் பெரும்பாலோர் கொழுப்பைத் தொலைக்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கைப்பிடியிலேயே பொறித்திருக்கும். பெரும்பாலும் 45 முதல் 60. பற்சக்கரங்கள் அதைக் கிண்ணத்தில் 6,000-க்கு மேல் ஆக்குகின்றன. எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றினால் பற்கள் தேயும். இரண்டு மூன்று நிமிடத்தில் மெதுவாக வேகம் ஏற்ற வேண்டும். மணி பொருத்திய கைப்பிடியாக இருந்தால், மணிச்சத்தம் நின்றதும் வேகம் வந்துவிட்டது என்று பொருள். மணி இல்லாவிட்டால் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள், மனக்கணக்கு வேண்டாம். கை சோர்ந்தவர் 60 என்று நினைத்து 50 சுற்றுவது சகஜம். வேகம் குறைந்தால் கிரீம் நீர்த்து அளவில் கூடும். அதைப் பார்த்து நிறைய கிடைத்தது என்று மகிழ்வார்கள், கொழுப்போ கொழுப்பெடுத்த பால் வெளியேறும் குழாயில் போய்க்கொண்டிருக்கும்.

வேகம் வந்ததும் முதலில் ஒரு லிட்டர் வெந்நீரை விட்டுக் கிண்ணத்தைச் சூடாக்கி, பிறகு பால் குழாயைத் திறக்கலாம். பால் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், அதாவது கறந்த சூட்டோடு. ஆறிய பால் கெட்டிப்பட்டு, கொழுப்பு பிரிய மறுக்கும். கிரீமும் தட்டுகளுக்கிடையில் அடைத்துக்கொள்ளும். ஆறிவிட்டால் வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடேற்றிய பிறகே ஊற்றுங்கள். பால் இறங்கும் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் கிண்ணத்தின் தாங்குதிறனுக்கு மேல் பால் இறங்கிக் கொழுப்பு நழுவும்.

கிரீமின் கெட்டித்தனத்தைக் கிண்ணத்திலுள்ள சிறு திருகு தீர்மானிக்கிறது. உள்ளே திருகினால் கெட்டி, வெளியே திருகினால் நீர்ப்பு. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். 30 முதல் 40 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் வெண்ணெய்க்குப் போதும். 50-ஐத் தாண்ட முயன்றால் அடைப்பும் இழப்பும்தான் மிச்சம். பால் தீர்ந்ததும் இரண்டு லிட்டர் கொழுப்பெடுத்த பாலையோ வெதுவெதுப்பான நீரையோ ஊற்றிக் கிண்ணத்தில் தங்கிய கிரீமை வெளியேற்றுங்கள். கிண்ணம் தானாக நிற்கட்டும். கையாலோ துணியாலோ பிடித்து நிறுத்தவே கூடாது. சூடான கிரீமைப் பழைய கிரீமோடு சேர்க்காமல், தனியாக நீரில் வைத்து 10 டிகிரி அளவுக்குக் குளிர்வித்த பிறகு சேர்ப்பது நல்லது.

இயந்திரம் அதிர்ந்தால் அன்றைய பாலில் கொழுப்பு போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மட்டப்பலகையை வைத்துச் சட்டத்தின் விளிம்பைப் பாருங்கள். பலகைத் தரை ஆடினால் சிமெண்டுத் தளத்தில் முறுக்க வேண்டும். அடுத்து தட்டுகள் எண் வரிசையில் இருக்கின்றனவா, தாங்கிகள் தேய்ந்தனவா, சுழல்தண்டு வளைந்ததா என்று வரிசையாகத் தேடலாம். எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும். விளக்கெண்ணெய் பிசினாகி இறுகும். அப்படி இறுகியதைக் கழுவ மண்ணெண்ணெய் விட்டு வெறுமனே சுற்றினால் போதும்.

சந்தேகம் தீர நல்ல வழி, பாலில் கொழுப்பு எவ்வளவு என்று காட்ட 1890-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் தந்த சோதனை. 17.6 மில்லி பாலில் 17.5 மில்லி கந்தக அமிலத்தை (ஒப்படர்த்தி 1.82 முதல் 1.83) குப்பியைச் சாய்த்துப் பக்கவாட்டில் வழியவிட்டு, வட்டமாகச் சுழற்றிக் கலக்கி, 5 நிமிடம் சோதனை இயந்திரத்தில் சுற்ற வேண்டும். கழுத்துவரை வெந்நீர் ஊற்றி 2 நிமிடம், அளவுக்கோடுவரை ஊற்றி இன்னும் 1 நிமிடம். பிறகு கொழுப்புத் தண்டை அளக்கலாம். கொழுப்பெடுத்த பாலுக்கு இரட்டைக் கழுத்துக் குப்பிதான் வேண்டும், சாதாரணக் குப்பியில் 0.05 கண்ணுக்குத் தெரியாது.

கழுவுவதுதான் இந்த இயந்திரத்தின் பெரிய சுமை. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, இருபது முப்பது தட்டுகள். மாலையில் வெறும் நீரை ஓட்டிவிட்டுக் காலையில் சேர்த்துக் கழுவுவோர் உண்டு. இரவு முழுக்கப் புளித்த கிண்ணத்தில் மறுநாள் பால் இறங்கினால் அந்த வாடை வெண்ணெயில் வந்துவிடும். முதலில் வெதுவெதுப்பான நீர். எடுத்ததும் கொதிநீர் விட்டால் பால் புரதம் வெந்து தட்டில் ஒட்டும். அடுத்து சலவைச் சோடா கரைத்த சூடுநீரும் தூரிகையும். சோப்பு படலமாகத் தங்கும், தவிர்க்கவும். கடைசியில் கொதிநீர், துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். ரப்பர் வளையத்தை மட்டும் கொதிநீரில் போட வேண்டாம், விரைவில் தளர்ந்து பால் சட்டத்துக்குள் கசியும். கிண்ணச் சுவரில் ஒட்டியிருக்கும் சேற்றில் அழுக்கோடு நோய்க்கிருமியும் சேரும். அதை எரிக்கவும், பன்றிக்குப் போட வேண்டாம்.

இதை வெண்ணெய்க் கணக்கோடு மட்டும் எடை போட்டால் பாதிப் பலன் விட்டுப்போகும். அகலத் தட்டில் ஊற்றி வைக்கும் பழைய முறையில் மிஞ்சும் பால் ஆறிப் புளித்திருக்கும். செப்பரேட்டரில் இளஞ்சூட்டோடு, இனிப்பாக வருகிறது. கூட்டுறவு வெண்ணெய் ஆலையிலிருந்து திரும்பி வரும் பால் பல பண்ணைகளின் பால் கலந்தது. காசநோய் பரவும் என்றுதான் டென்மார்க் 1898-ல் அதைச் சூடாக்கியே திருப்பித் தரச் சட்டம் போட்டது. வீட்டுச் செப்பரேட்டரில் அந்தக் கலப்புக்கே இடமில்லை. கன்றுக்கு முதல் இரண்டு வாரம் முழுப்பால். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பெடுத்த பாலுக்கு மாற்றிக்கொண்டே வந்து, 5 அல்லது 6 லிட்டரை இரண்டு வேளையாகத் தரலாம். நுரையை வழித்துவிட்டு, 37 டிகிரி சூட்டில். போன கொழுப்புக்கு ஈடாக ஆளிவிதைக் கஞ்சியோ மக்காச்சோள நொய்யோ கொடுங்கள்.

பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர் வர்ணத்தைப் பார்க்காமல் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். தட்டில் வெள்ளீயப் பூச்சு போய்த் துரு ஏறியிருந்தால் பூச வேண்டும். ஒரு தட்டு குறைந்தாலும் பிரிப்பு கெடும். கிண்ணமும் மூடியும் ஒரே எண் கொண்டவையா என்றும் பார்க்க வேண்டும். அவை தொழிற்சாலையில் ஒன்றாகச் சமன் செய்யப்பட்டவை. வேறு இயந்திரத்தின் மூடி போட்டிருந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.