முத்தியால்பேட்டை மாடி வீட்டில் ஒரு கட்டுரை வகுப்பு

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சனிக்கிழமைதோறும் மாலை 5 மணியிலிருந்து 7 மணிவரை கட்டுரை வகுப்பு எடுக்கிறார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பிள்ளைகள் ‘ஐயா’ என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அங்கே மூன்று மாதம் போய்வந்தான்.

நான் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பதினாலு வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளை அடித்துக் கொடுக்கிறேன். ‘இயற்கை நமக்குத் தந்த அரிய வரம்’ என்று தொடங்கி ‘கடமையுணர்ந்து செயல்படுவோமாக’ என்று முடியும் கட்டுரைகள் எத்தனை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. என் மகன் எழுதியதும் அப்படித்தான் இருந்தது. முன்பு அவனைச் சேர்த்துவிட்ட இடத்தில் அச்சடித்த மாதிரிக் கட்டுரையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அது எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒரு போட்டிக்காக ‘நம் கடற்கரையைக் காப்போம்’ என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனான். முதல் நாள் ஐயா பேனாவையே எடுக்கவில்லை. சத்தமாகப் படிக்கச் சொன்னார். முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைக் கேட்டார்: “இவன் உன்னை என்ன பண்ணச் சொல்றான்?” அவள் யோசித்துவிட்டு, “கடல் நல்லதுன்னு சொல்றான் ஐயா” என்றாள். “கடல் நல்லது இல்லன்னு யாருடா சொன்னா? உன் பேச்சை ஒத்துக்காத ஆள் ஒருத்தரைக் கண்டுபிடி. அவருக்கு எழுது” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு வாரம் அலைந்து அவன் ஒரே ஒரு வாக்கியம் கொண்டுவந்தான்: கரையோரம் கல் கொட்டிக்கொண்டே போவது தீர்வாகாது, மணலைத் திரும்ப வரவைக்கும் வழியைத் தேட வேண்டும். இந்த ஊர்க்காரர்களுக்குக் கதை தெரியும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. பீச் ரோட்டில் மணல் போய்க் கல் வந்தது. கல் போட்ட இடம் தப்பித்தது, அரிப்பு அடுத்தடுத்த குப்பங்களுக்கு நகர்ந்தது.

இதை மறுக்கும் ஆள் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார். கடலோரம் சோலைநகரில் இருக்கும் என் மாமியார், மகனுக்கு ஆயா. பேரன் போய் உட்கார்ந்து கேட்டதற்கு, “கல்லு கொட்டலன்னா எங்க தெரு எப்பவோ கடலுக்குள்ள போயிருக்கும். நீ பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடுவ, நான் எங்கடா படுக்கிறது?” என்றார். மகன் முகம் வாடித் திரும்பி வந்தான். ஐயாவுக்கோ அதுதான் வேண்டியிருந்தது. ஆயா சொன்னதை அப்படியே இரண்டாவது பத்தியில் வைக்கச் சொன்னார். பழைய இலக்கண நூலான நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூல் எழுதுகிறவர் கருத்தை எடுத்துவைக்கும் முறைகளில், ஒன்று ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல்’. எதிராளி சொல்வதை முதலில் முழுசாக ஏற்றுக்கொண்டு, அங்கிருந்து நடந்து வந்து விலக்குவது. ‘ஆம், கல் இந்தத் தெருவைக் காத்தது. ஆனால் வடக்கே உள்ள தெருவை யார் காப்பது?’ என்று கட்டுரை அங்கே திரும்பியது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சுவரில் ஓர் அட்டையில் நன்னூலின் பத்துக் குற்றங்களை எண் போட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று பள்ளியில் நாமெல்லாம் இரண்டு மார்க்குக்காக ஒப்பித்ததுதான். ஏழு நூற்றாண்டுக்கு மேல் பழைய பட்டியல். இவர் அதைத் திருத்தும் கருவியாகவே வைத்திருக்கிறார். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ‘இது என்ன செய்கிறது’ என்று பிள்ளையே ஒரு வரி எழுத வேண்டும். பிறகு ஐயா எண்ணை மட்டும் போடுவார். சுனாமி பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தான், 8 போட்டார்: மற்றொன்று விரித்தல். போனில் பார்த்து எழுதிய ஒரு கணக்குக்கு எண் போடவில்லை, “யார் அளந்தது? எப்போ?” என்று கேட்டார். பதில் இல்லாததால் அது போயிற்று. அந்த இடத்தில், கட்டுமரம் இழுத்துப்போட்டு வலை உலர்த்திய மணலில் இன்று நிற்க இடமில்லை என்று ஆயா சொன்னது வந்தது.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு வைத்த பிறகு, 2018-19 வாக்கில் அங்கே மணல் சேர்ந்ததைச் சான்றாகக் காட்டியிருந்தான். அங்கேயும் நிறுத்தினார். “ஒரு இடத்துல பலிச்சுது. வடக்கேயும் பலிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?” ‘ஒரே தீர்வு’ என்பது ‘ஆராய வேண்டிய தீர்வு’ ஆனது. பலவீனமாகிவிட்டது என்று மகன் வருத்தப்பட்டான். எனக்கு அதற்கப்புறம்தான் நம்பிக்கை வந்தது.

கடைசிப் பத்திக்கு 9, சென்று தேய்ந்து இறுதல். ‘அரசும் மக்களும் கைகோத்து’ முழுக்க அடிபட்டது. அடுத்த கல் லாரி வருவதற்கு முன் வடக்கே இருக்கும் குப்பங்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்ற வேண்டுகோளோடு நின்றது. இரண்டாம் பரிசு கிடைத்தது.

குறைகளும் உண்டு. ஒற்றுப்பிழை, சந்திப்பிழையை ஐயா மூன்றாம் திருத்தம்வரை தொடவே மாட்டார். எப்படியும் வெட்டப்போகும் வரியில் ஒற்றுப் போட்டு என்ன பயன் என்பார். காரணம் சரிதான், ஆனால் பிழையோடு தாள் வீட்டுக்கு வரும்போது பெற்றோருக்குப் பதறுகிறது, அதை முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடலாம். ஒரு கட்டுரைக்கு நாலு வாரம் ஆகும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சேர்த்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும், ஜூன், ஜூலையில் சேருங்கள். ஆங்கிலக் கட்டுரை பார்ப்பதில்லை. படி செங்குத்து, சந்தில் வண்டி நிறுத்த முடியாது.

மாதம் 600 ரூபாய். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எழுதிய தாளில் வலப்பக்கம் மூன்று விரல் இடம் விட்டுக் கொடுத்தனுப்புங்கள். இடமில்லாத தாளை ஐயா அன்றைக்குப் பார்க்க மாட்டார்.